முதல் கியரும் தாய்மாமன் மாலையும்

கடலூர்க்காரன் வெளிநாடு போகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சாலையின் குறுக்கே ஒரு மூங்கில் கழி கிடக்கும். கழிக்குக் கொஞ்சம் முன்னதாகவே இங்கிலீஷ்காரர் ராஜ்ஜியம் முடிந்து பிரெஞ்சுக்காரர் ராஜ்ஜியம் ஆரம்பித்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே கரும்பு, ஒரே காக்கை, ஒரே தமிழ்தான். ஆனாலும் வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அந்த எல்லையை நான் ஒரே காலையில் பலமுறை தாண்டியிருக்கிறேன், அதில் பாதி முறை பின்பக்கமாக.

போன காரியம் என் மைத்துனன் ராமலிங்கத்தின் கல்யாணம். என் மனைவி பாக்கியம் பிறந்த ஊர் பாகூர். அவள் தம்பிக்கு வில்லியனூரில் பெண் நிச்சயமாகியிருந்தது. நிச்சயமானதே பெரும்பாடு. பெண்ணின் தாய்மாமன் தணிகாசலம் அவளைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தார். பெண்ணோ ராமலிங்கத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒரே பிடியாக நின்றாள். ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பேசித் தணிகாசலத்தைச் சம்மதிக்க வைத்தார்கள். சம்மதித்தாரே ஒழிய அவர் மனம் ஆறவில்லை. தாய்மாமன் மாலை போடாமல் அந்தக் குடும்பத்தில் கல்யாணம் நடக்காது. அதனால் அந்த மாலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்பிள வூட்டுல மோட்டாரு இருக்குதுன்னு பீத்திக்கிறாங்களே, அந்த மோட்டாருலயே அழைச்சிக்கினு வரட்டும். வழியில நாயனம் நிக்கலாம், மோளம் நிக்கலாம். மோட்டாரு உசுரு மட்டும் போவக்கூடாது. போச்சுன்னா அபசகுனம். நான் மாலைய எடுத்துக்கினு ஊருக்குப் போயிடுவேன்."

பீற்றிக்கொண்டது நான்தான். அதற்குக் காரணமும் இருந்தது. என்னுடைய பழைய மோட்டாரில் கடலூர் வட்டாரத்து மாப்பிள்ளைகள் பாதிப் பேர் ஊர்வலம் போயிருக்கிறார்கள். அந்த வண்டியில் கியர் தடி என்று ஒன்று கிடையாது, காலுக்கு மூன்று மிதிகள் மட்டும்தான். இடது மிதியை அழுத்திப் பிடித்தால் வண்டி நாயனக்காரரின் நடைக்கு ஏற்றபடி ஊரும், விட்டால் ஓடும். நடு மிதியை மிதித்தால் பின்னால் போகும். வலது மிதி பிரேக். அதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாங்கினேன் என்பதைச் சொன்னால், என் புத்தியைப் பற்றி மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

புது வண்டியிலும் மூன்று மிதிகள் இருந்தன, ஆனால் ஒன்றுகூடப் பழைய வேலையைச் செய்யவில்லை. இடது மிதிக்குக் கிளச்சு என்று பெயர். அதை அழுத்தினால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். மெல்ல விட்டால் சமாதானமாகும். வெடுக்கென்று விட்டால் வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். இதற்கு மேல் கையால் ஆட்ட ஒரு தடி வேறு. அதை இடது ஓரத்துக்குத் தள்ளி நம் பக்கம் இழுத்தால் முதல் கியர், வண்டி முன்னால் போகும். அதே இடது ஓரத்தில் முன்பக்கம் தள்ளினால் வண்டி பின்னால் போகும். முன்னால் போவதற்குப் பின்னால் இழு, பின்னால் போவதற்கு முன்னால் தள்ளு என்று ஏற்பாடு செய்த மகானை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். என் கை நியாயமான கை. முன்னால் போக நினைத்தால் முன்னால்தான் தள்ளும்.

முதல் நாள் காலை இங்கிலீஷ்காரர் சாவடியில் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். கூறைப்புடவை, வேட்டிகள், ஒரு டின் நிறைய அதிரசம். சுங்கச் சிப்பாய் அதிரசத்தில் ஒன்றைச் சோதனை செய்து விழுங்கிவிட்டுப் போகச் சொன்னார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுச் சாவடி. கழிக்கு முன்னால் நிறுத்தினேன். அங்கேயும் சிவப்புத் தொப்பி வைத்த சிப்பாய் ஒருவர் பார்த்தார், ஒரு அதிரசம் எடுத்தார், கழியைத் தூக்கினார். "போலாம் முசே" என்றார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

நான் கிளச்சை அழுத்தித் தடியைத் தள்ளிக் காலை எடுத்தேன். வண்டி அழகாகப் பின்னால் கிளம்பியது. பிரேக்கைத் தேடிய கால், பழைய வண்டியின் பழக்கத்தில், வலது ஓரத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்கும் மிதியில் போய் விழுந்தது. வண்டி நின்றபோது நாங்கள் இங்கிலீஷ் சாவடிக்கு எதிரில் இருந்தோம்.

"பெட்டியத் தொறங்க" என்றார் முதல் சிப்பாய்.

"இப்பதானே ஐயா பார்த்தீர்கள்?"

"அது நீங்க இங்கேர்ந்து போவச்சொல்ல பார்த்தது. இப்ப நீங்க பிரெஞ்சுக்காரன் ஊர்லேர்ந்து வர்றீங்க. சட்டம் வேற."

சட்டப்படி கூறைப்புடவையை விரித்துப் பார்த்தார். சட்டப்படி இன்னொரு அதிரசமும் போயிற்று. மறுபடி பிரெஞ்சுச் சாவடி, மறுபடி சோதனை, மறுபடி "போலாம் முசே", மறுபடி பின்னால். மூன்றாவது முறை நான் வந்து சேர்ந்தபோது சிவப்புத் தொப்பிக்காரர் கழியைத் தூக்கிப் பிடித்தபடியே சாலையின் நடுவில் நின்றார். "நீங்க நிறுத்தாதீங்க. அப்படியே போயிடுங்க. உங்கள நிறுத்துனா எங்களுக்குத்தான் தொந்தரவு" என்று கும்பிட்டார். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் என்னைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

பின் இருக்கையில் பாக்கியம் டின்னைக் குலுக்கிப் பார்த்தாள். "பொறந்த வூட்டுக்கு அதிரசம் எடுத்துக்கினு போறேன்னு பேரு. வாசனதான் மிச்சம்" என்றாள்.

பாகூரில் மாமனார் வீட்டுச் சாப்பாடு எங்கள் அலைச்சலுக்கெல்லாம் மருந்து போட்டது. கடலோரத்து மணப்பட்டிலிருந்து காலையில் வந்த மீன். வஞ்சிரத்தை வறுத்து, நெத்திலியைக் குழம்பாக வைத்திருந்தார்கள். பிரெஞ்சு ராஜ்ஜியத்துக்கு அடையாளமாக முழங்கை நீளத்துக்கு ரொட்டி ஒன்றும் இருந்தது. புதுச்சேரியில் அதற்கு வெண்ணெய் தடவுவார்களாம். பாகூரில் நெத்திலிக் குழம்பில் முக்குகிறார்கள். கடலூரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. இங்கே அதைத் தின்பதற்காகவே காய்ச்சல் வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

மாப்பிள்ளை மட்டும் சாப்பிடவில்லை. குழம்பைத் தொட்டுத் தொட்டு இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "மாமா, வண்டி நிக்காம போவுமா?" என்றான். "போகும்" என்றேன். "சாவடில இன்னா நடந்துச்சின்னு அக்கா சொல்லிச்சி" என்றான். இலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இந்தக் கல்யாணம் நின்னுச்சின்னா நான் கப்பலேறி சைகோனுக்குப் போயிடுவேன். அங்க கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம்" என்றான். சைகோன் என்ற பேச்சைக் கேட்டதும் உள்ளே மாமியார் கரண்டியைக் கீழே போட்டார். எனக்கு அதற்குப் பிறகு வஞ்சிரம் இறங்கவில்லை.

மறுநாள் ஒத்திகை. குருவிநத்தத்தில் ஆற்றோரமாக மாமனாருக்கு ஒரு நெற்களம் இருந்தது. நல்ல சமதரை, ஒரு மூலையில் வைக்கோல் போர். வண்டியின் துணிக் கூண்டைப் பின்னால் மடித்து, அதன்மேல் தலையணை போட்டு ராமலிங்கத்தை உட்கார வைத்தோம். நாயனக்காரருக்குப் பதிலாக மாமனாரே குடையை வாயில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால், எங்களைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடக்க முன்வந்தார்.

பாக்கியம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் இடது கைமேல் தன் கையை வைத்து, தடியை நம் பக்கம் இழுக்க வைத்தாள். முதல் கியர் விழுந்தது. ஆட்டுக்கல்லில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினாற்போல ஒரு சத்தம். பிறகு வண்டி முன்னால் பாய்ந்தது. குடையை எறிந்துவிட்டு மாமனார் வைக்கோல் போருக்குள் போய்விட்டார்.

அடுத்த முறை மெதுவாகப் போக முயன்றேன். அங்கேதான் என் கால் எனக்கு எதிரியாகிவிட்டது. பழைய வண்டியில் மெதுவாகப் போக இடது மிதியை அழுத்த வேண்டும் என்பது எத்தனையோ கல்யாணங்களில் ஊறிப்போன பாடம். வண்டி கொஞ்சம் விரைந்தால் கால் தானாக அழுத்தும். அழுத்தினால் புது வண்டி சக்கரத்தை மறந்து சும்மா உறுமும். அது நிற்கப்போகிறதே என்று பயந்து விட்டால் ஒரு குதி குதித்து அணைந்துபோகும். ஒவ்வொரு குதிக்கும் மாப்பிள்ளை தலைகீழாகப் பின் இருக்கையில் விழுந்து, இரண்டு பாதங்களை மட்டும் ஊருக்குக் காட்டினான்.

"மாமா, நான் நடந்தே போயிடறேனே. கால் ரெண்டும் நல்லா இருக்குதுன்னு அவங்களும் பார்த்துக்குவாங்க."

"உன் கல்யாணம் நடந்தாகணும்டா. மாமாவ நம்பு" என்றாள் பாக்கியம். அவள் குரலில் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. உண்மையாகவே பயமாக இருந்தது. ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஆசைப்பட்டது என் இடது காலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்றால் யாருக்குத்தான் பயமாக இருக்காது?

பொழுது சாய்ந்ததும் வண்டியைக் களத்திலிருந்து வெளியே எடுத்தேன். வழி குறுகல் என்பதால் பின்பக்கமாகவே போக வேண்டியிருந்தது. தடியை முன்னால் தள்ளினேன், கால் எடுத்தேன். வண்டி பூப்போல நகர்ந்தது. மாமனார் வைக்கோலைத் தட்டியபடி கூடவே நடந்து வந்தார்.

"பின்னாடி போவச்சொல்ல மட்டும் எப்படிங்க இப்படி வெண்ணெயாட்டம் போவுது?" என்று கேட்டாள் பாக்கியம். பின் கியர் முதல் கியரைவிட மெதுவானது என்று ஏதோ விளக்கம் சொன்னேன். அவள் தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றை அப்படிப் பார்த்தால் எதையோ மூட்டை கட்டி வைக்கிறாள் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் வில்லியனூருக்குப் புறப்பட்டோம். இந்தப் பக்கத்துப் பூகோளத்தை யாரோ கண்ணைக் கட்டிக்கொண்டு வரைந்திருக்க வேண்டும். பிரெஞ்சு நிலத்துக்கு நடுவில் இங்கிலீஷ் நிலம் ஒரு துண்டு, அதைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சு நிலம். ஒரு கிணற்றடியில் வழி கேட்டோம். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள், "கெணறு பிரெஞ்சுக்காரன்து, தொவைக்கிற கல்லு இங்கிலீஷ்காரன்து. நீங்க ரெண்டுக்கும் நடுவால போங்க" என்றாள். நல்லவேளையாக அந்தத் துண்டுகளில் சாவடி எதுவும் இல்லை, நான் நிறுத்த வேண்டி வரவில்லை.

வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு பாயின் துணிக்கடையில் வண்டியைச் சிங்காரிக்க ஜரிகைத் தாளும் பட்டுத் துணியும் வாங்கினோம். பாய் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பின்னால் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தைத் தட்டி, "முன்னாடியவிட பின்னாடிதான் ஜோரா இருக்கு. இதுக்குப் பட்டு சுத்துங்க" என்றார். சுற்றினோம்.

பொழுது இறங்கும் நேரத்துக்குக் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. காஸ் விளக்குகள் ஏற்றியாகிவிட்டது. மேல வீதியில் பெண் வீடு. கோயிலிலிருந்து வலமாகப் போய்ச் சேர வேண்டும். ராமலிங்கம் ஜரிகைத் தலைப்பாகையுடன் கூண்டின்மேல் ஏறி உட்கார்ந்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் தணிகாசலம். முறுக்கிய மீசை, பட்டுக்கரை வேட்டி, தோளில் சம்பங்கி மாலை. வைத்தியர் நோயாளியின் மார்பில் காது வைப்பதுபோல எஞ்சின் மூடிமேல் குனிந்து, "உசுரு இருக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"பலமாக இருக்கிறது பெரியவரே."

நாயனம் எழுந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தடியை இழு, இழு என்று மனசு சொல்ல, கை முன்னால் தள்ளிவிட்டது. மோட்டார் மேளத்தையும் நாயனத்தையும் விட்டுவிட்டு, மாப்பிள்ளையோடு கோயிலுக்குள்ளேயே திரும்பிப் போகப் பார்த்தது. பின்னால் நின்ற பெண்கள் சிதறினார்கள். பிரேக்கையும் கிளச்சையும் சேர்த்து மிதித்து, எஞ்சின் அணையாமல் நிறுத்தினேன். நாயனம் நின்றது. கூட்டத்தில் ஒருவர் "இன்னாடா இது, எடவலமா கெளம்புது" என்றார்.

தணிகாசலத்தின் கை மாலைக்குப் போயிற்று. "ஆரம்பமே பின்னாடியா?" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

அப்போது ஆரத்தித் தட்டோடு பாக்கியம் முன்னால் வந்தாள். என்னைப் பார்த்துக் கோபமாக, "ஏங்க, வண்டியத் திருப்பி நிறுத்துங்கன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனே, மறந்துட்டீங்களா?" என்றாள். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்க மாமா. மாப்பிள ஊர்கோலம் போவச்சொல்ல அவருக்கு முன்னாடி ஒருத்தர் முதுகக் காட்டிக்கினு குந்தலாமா? மோட்டார் ஓட்டறவரு முதுகத்தான மாப்பிள வழியெல்லாம் பார்த்துக்கினு வரணும்? அதுக்குத்தான் புதுச்சேரில பெரிய மனுசங்க வூட்டுல இப்பெல்லாம் பின்பக்கமா ஓட்டச் சொல்றாங்க. மாப்பிள மொதல்ல, மோட்டார்க்காரரு கடைசியில. அதான மரியாத? ஒங்களுக்குத் தெரியாததா?"

மரியாதை என்ற சொல்லுக்குத் தணிகாசலம் எழுந்து நிற்கக்கூடியவர். தெரியாது என்று சொல்லவே மாட்டாதவர். மீசையை ஒரு முறை தடவினார். "தெரியும், தெரியும். நானே கேக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார். கை மாலையைவிட்டு இறங்கியது. "ஊர்கோலம் இன்னும் கெளம்பல. திருப்புங்கப்பா வண்டிய!"

ஊர் ஆட்கள் கை கொடுத்து வண்டியைத் திருப்பி நிறுத்தினார்கள். ராமலிங்கம் கூண்டின்மேலேயே பின்புறம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். பட்டு சுற்றிய உபரிச் சக்கரம் அவன் பாதங்களுக்குப் பீடமாயிற்று. பார்க்க ராஜாவைப்போல இருந்தான். நான் தடியைத் தள்ளினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் கை தவறு செய்தது சரியாகப் போயிற்று.

வண்டி ஊர்ந்தது. நாயனக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவருக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு முழம் கூடவுமில்லை, குறையவுமில்லை. எனக்கோ கழுத்தை எவ்வளவு திருகினாலும் மாப்பிள்ளையின் முதுகுதான் தெரிந்தது. வீதி தெரியவில்லை. நாயனச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகச் சக்கரத்தை ஒடித்தேன். முனைகளில் அவர் ஆலாபனையை நீட்டினார், நானும் வளைவை நீட்டினேன். தென்மேற்கு முனையில் சாக்கடைப் பலகை மேல் ஏறும்போது எஞ்சின் இரண்டு முறை இருமியது. தணிகாசலம் குனிந்து காதைத் தீட்டினார். மேலே ராமலிங்கத்தின் தோள்கள் இறுகியது எனக்குத் தெரிந்தது. பயந்து இடது காலை அழுத்தப் போனேன். அழுத்தவில்லை. வலது காலால் எண்ணெய் கொடுத்தேன். எஞ்சின் கர்ஜித்து மூச்சு பிடித்துக்கொண்டது, வண்டி மேல வீதிக்குள் திரும்பியது.

பெண் வீட்டு வாசலில் தணிகாசலம் மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்தார். தோளிலிருந்த மாலையை எடுத்து, எட்டிப் போட்டார். ராமலிங்கம் அழுதுவிட்டான். வாசற்கதவுக்குப் பின்னால் யாரோ வளையல் குலுங்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

கல்யாணம் மறுநாள் காலை கன ஜோராக நடந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போட்டதும் எனக்கு என்னவோ ஒரு தெளிவு வந்துவிட்டது. யாருமில்லாத பக்கத்துச் சந்தில் வண்டியை எடுத்து முதல் கியரைப் போட்டுப் பார்த்தேன். தடி சத்தமில்லாமல் விழுந்தது. கால் மெல்ல எழுந்தது. வண்டி முன்னால், ஆம், முன்னால் போயிற்று. மறுபடி போட்டேன், மறுபடி போயிற்று. உலகத்தில் எனக்கு இனி எதிரியே இல்லை என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் வந்தார். ஊருக்குப் போக வேண்டும், திருவாண்டார்கோயில் வரை வண்டியில் விட முடியுமா என்று கேட்டார். சந்தோஷமாக ஏறச் சொன்னேன். பாக்கியமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊர் பார்க்க முதல் கியரைப் போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வண்டியை முன்னால் நகர்த்தினேன்.

பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு.

"தம்பி. மாப்பிளைக்கு மட்டுந்தான் மரியாதையா? தாய்மாமனுக்கு உங்க முதுகுதானா?"

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் பெண் வீட்டு வாசலில் கட்டியிருந்த வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தினேன். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக் கூண்டின்மேல் ஏறி, பின்புறம் பார்த்து உட்கார்ந்து, உபரிச் சக்கரத்தின்மேல் இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டார்.

வண்டியைத் திருப்பினேன். முதல் கியரிலிருந்து தடியை எடுத்து முன்னால் தள்ளினேன். வில்லியனூரிலிருந்து திருபுவனை தாண்டித் திருவாண்டார்கோயில் வரை, கழுத்தைத் திருகிக்கொண்டு, பின்பக்கமாகவே போனேன். வழி நெடுகக் களை எடுக்கிறவர்களும் கரும்பு வெட்டுகிறவர்களும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். தணிகாசலம் இரண்டு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். வண்டி எந்தப் பக்கம் பாயுமோ என்று தெரியாமல்தான் அவர்கள் எழுந்து நிற்கிறார்கள் என்பதை, பாக்கியமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.